காப்பகத்தில் "நெட் வரல" என்றால் எங்கே பார்ப்பது, எதில் தொடங்குவது

சென்னையில் வீடற்றோர் காப்பகங்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கும், அங்கே போய்வரும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். போன், சிம், வைஃபை மூன்றிலும் ஒரே மாதிரிப் பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட எழுதி வைத்தால் தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கலாம்.

யாராவது "நெட் வரல" என்று வந்தால் உடனே போனை வாங்கி செட்டிங்ஸைத் திறக்காதீர்கள். "என்ன பண்ணப் பாத்தீங்கண்ணே?" என்று முதலில் கேளுங்கள். ஊரில் இருக்கும் பேத்தியோடு வீடியோ காலில் பேச முடியாததையும் "நெட் வரல" என்பார்கள், ஆதார் ஓடிபி வராததையும் அப்படித்தான் சொல்வார்கள், போனில் சார்ஜே இல்லாமல் இருப்பதையும் அப்படியே சொல்வார்கள். பதிலைப் பொறுத்து கீழே உள்ள தலைப்புக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பகத்தில் இருப்பவருக்கு இணையம் நின்றுபோவது தொல்லை, ஆனால் எண் போய்விடுவதுதான் உண்மையான நஷ்டம். ரேஷன் அட்டை, உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் எந்தப் பழுதைப் பார்க்கும்போதும் "இந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா, இவர் பெயரில்தான் இருக்கிறதா" என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

போன் ஆன் ஆகவில்லை, அல்லது சார்ஜ் ஏறவில்லை

முதலில் பிளக் பாயிண்ட். முப்பது பேர் படுக்கும் ஹாலில் மூன்று பாயிண்ட் இருக்கும், அதில் ஒன்று டிவிக்கு, ஒன்று தண்ணீர் மெஷினுக்கு. மிச்சம் இருக்கும் ஒன்றில் நாள் முழுக்கச் செருகிச் செருகி உள்ளே பிடிப்பே போயிருக்கும். வேறு பாயிண்டில், வேறு சார்ஜரில், வேறு கேபிளில் போட்டுப் பாருங்கள், இந்த வரிசையில்.

அப்புறம் போனின் சார்ஜிங் ஓட்டை. லுங்கி மடிப்பிலும் பையின் அடியிலும் வைத்திருக்கும் போன்களில் அந்த ஓட்டைக்குள் நூலும் தூசியும் அழுந்தி ஒரு பஞ்சுத் தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். கேபிள் முழுசாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள், நின்றால் இதுதான் காரணம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்.

கேபிளைப் போட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். முழுசாக வடிந்த பேட்டரி உடனே திரையைக் காட்டாது.

போனின் பின்பக்கம் உப்பியிருந்தால், திரை ஒரு பக்கம் தூக்கியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சார்ஜில் போடக்கூடாது, அழுத்தக்கூடாது, மற்றவர்கள் படுக்கும் இடத்தில் வைக்கக்கூடாது. சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். பேட்டரி மாற்றும் செலவையும் பழைய போன் ஒன்றின் விலையையும் கடைக்காரரிடம் சேர்த்தே கேளுங்கள், சில சமயம் இரண்டும் பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்த ஒரு பிரச்சினைக்கு மட்டும் காப்பகமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: நல்ல ஸ்பைக் பஸ்டர் (பல பிளக் செருகும் பலகை) ஒன்று, அது பொறுப்பாளர் கண்ணில் படும் இடத்தில், பூட்டு போட்ட சின்னப் பெட்டியோடு. திருட்டுப் பயத்தில் போனைச் சார்ஜில் போடாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு தூங்குபவர்கள் நிறைய.

சிக்னல் கோடு இருக்கிறது, நெட் மட்டும் இல்லை

1. மொபைல் டேட்டா ஆனில் இருக்கிறதா? விரல் பட்டு அணைந்திருப்பது சகஜம். ஏரோப்பிளேன் மோடையும் ஒருமுறை போட்டு எடுங்கள்.

2. அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா? ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று தினசரிக் கணக்கு உள்ள பேக் என்றால் தீர்ந்த பிறகு நெட் செத்தே போகாது, நத்தையாக ஊரும். மறுநாள் தானாகச் சரியாகிவிடும், ரீசார்ஜ் செய்யத் தேவையில்லை. கடையில் போய் இன்னொரு பேக் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

3. பேக் முடிந்துவிட்டதா? பேக் முடிந்தால் முதலில் நெட்டும் வெளியே போகும் கால்களும் நிற்கும், உள்ளே வரும் கால் இன்னும் சில நாள் ஓடும். "கால் வருதே, அப்போ ரீசார்ஜ் இருக்குல்ல" என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

4. சிம்மும் போனும் ஒத்துப்போகின்றனவா? ஜியோ 4ஜியும் 5ஜியும் மட்டுமே தரும் சேவை, பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் எதுவுமே வராது. யாரோ கொடுத்த பழைய போனில் தன் சிம்மை மாற்றிப் போட்டவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

5. வாட்ஸ்அப் மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் வருகிறது என்றால் போனின் வயதைப் பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப் வேலை செய்வதில்லை, இதற்குச் செட்டிங்ஸில் மருந்து கிடையாது. போன் புதிதாக இருந்தும் திறக்கவில்லை என்றால் மெமரி நிரம்பியிருக்கும், காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் கேட்டுக்கொண்டு அழியுங்கள். கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள், செத்துப்போன மகனின் ஒரே படம் அதில் இருக்கக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்து போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அதுவும் பலிக்காவிட்டால் சிம் நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு. தெருமுனை ரீசார்ஜ் கடையால் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

"நோ சர்வீஸ்", "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று காட்டுகிறது

சிம்மை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அதில் வேலை செய்தால் பழுது போனில், அங்கேயும் செய்யாவிட்டால் சிம்மில்.

சிம்மில்தான் பழுது என்றால் அடுத்த கேள்வி: கடைசியாக எப்போது இந்த எண்ணில் பேசினீர்கள்? டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 90 நாள் தொடர்ந்து கால், மெசேஜ், டேட்டா எதுவுமே இல்லாத பிரீபெய்ட் எண்ணைத்தான் நிறுத்தலாம். கணக்கில் மெயின் பேலன்ஸ் 20 ரூபாயாவது இருந்தால் அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு எண்ணை இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும், பேலன்ஸ் தீரும்வரை இப்படியே நீளும். நிறுத்திய பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் கேட்டால் திரும்பத் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வருபவர்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். ஒன்றைக் கவனியுங்கள், 199, 299 என்று போடும் பேக் மெயின் பேலன்ஸில் சேராது. டாப்-அப் என்று தனியாகக் கேட்டுப் போட வேண்டும்.

எண் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது, சிம் அட்டைதான் உடைந்தோ தொலைந்தோ போனது என்றால் டூப்ளிகேட் சிம் வாங்கலாம். அசல் அடையாள அட்டையோடு அவரே நேரில் போக வேண்டும். இங்கேதான் ரேகைப் பிரச்சினை வரும். பாத்திரம் கழுவும் வேலையிலும் சித்தாள் வேலையிலும் இருந்தவர்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் மூன்று தடவை சிவப்பு காட்டிவிட்டு "மேட்ச் ஆகல, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். ரேகை இல்லாமல், அசல் அட்டையையும் ஆளையும் அங்கேயே படமெடுத்துப் பதிவு செய்யும் முறையும் இருக்கிறது என்று கேளுங்கள். கூட நீங்கள் போனால் கிடைக்கும், அவர் தனியாகப் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். அநியாயம்தான், ஆனால் நிலைமை அப்படி, அதனால் கூடப் போங்கள்.

எண்ணே போய்விட்டது என்றால் அழுது பயனில்லை, உடனே புது எண் வாங்கி, அடுத்த தலைப்பில் சொல்லும் ஆதார் வேலையை முதலில் முடியுங்கள். நிறுத்தப்பட்ட எண்கள் சில மாதங்களில் வேறு ஒருவருக்குப் போய்விடும், அதற்குப் பிறகு இவருடைய ஓடிபி அவருக்குப் போகும்.

ஓடிபி வரவில்லை

காப்பகங்களில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்.

மெசேஜ் பெட்டி நிரம்பியிருக்கிறதா? பட்டன் போன்களில் இடம் கொஞ்சம்தான், ரீசார்ஜ் விளம்பரங்களே அதை அடைத்துவிடும், அதன் பிறகு ஒரு எழுத்துகூட உள்ளே வராது. மேலே ஓரத்தில் சின்னக் கவர் படம் மினுக்கிக்கொண்டே இருந்தால் இதுதான் அர்த்தம். பழையவற்றை அழித்ததும் தேங்கி நின்ற மெசேஜ்கள் கடகடவென்று வந்து விழும். ஸ்மார்ட்போன் என்றால் மெசேஜ் ஆப்பில் 'ஸ்பேம்' பகுதியையும் பாருங்கள்.

சிம் புதிதாக மாற்றினாரா? சிம் அட்டை மாற்றினால் 24 மணி நேரத்துக்கு மெசேஜ் வராது. மோசடியைத் தடுக்க அரசே போட்ட விதி இது. ஒன்றும் செய்ய வேண்டாம், நாளை பாருங்கள். டூப்ளிகேட் சிம் வாங்கிய கையோடு வங்கிக்குப் போய் வரிசையில் நின்று திரும்புவதைத் தவிர்க்கலாம்.

ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது? ஆதார் இணையதளத்தில் "ஆதார் செல்லுபடியாகிறதா" என்று சரிபார்க்கும் பக்கம் உண்டு. ஆதார் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி இல்லாமலே, இணைக்கப்பட்ட கைபேசியின் கடைசி மூன்று இலக்கத்தைக் காட்டும். மூன்று இலக்கத்தைப் படித்துக் காட்டினால் போதும், "அது எங்க அண்ணன் நம்பராச்சே, அவன் கூட பேச்சுவார்த்தையே இல்ல" என்று அவரே சொல்லிவிடுவார். பல பேருக்கு ஆதார் எடுத்த காலத்தில் குடும்பத்தில் யாரோ ஒருவர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அந்தக் குடும்பத்தைவிட்டு வந்துதான் காப்பகத்தில் இருக்கிறார்கள். பழைய எண்ணை வாங்கித்தரச் சொல்லி உறவினரிடம் பேசவைக்க முயலாதீர்கள், குறிப்பாகப் பெண்கள் காப்பகத்தில். அடி உதைக்குத் தப்பி வந்தவருக்கு அந்த ஒரு போன் கால் ஆபத்து.

எண்ணை மாற்றுவதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய் ரேகையோ கருவிழியோ வைத்தால் போதும், சின்னக் கட்டணம் உண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு வழி தபால்காரர். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றித் தருவார். பக்கத்துத் தபால் நிலையத்தில் பேசி, ஒரே நாளில் காப்பகத்துக்கே வந்து பத்துப் பதினைந்து பேருக்கு முடித்துத் தரச் சொல்லுங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் அவஸ்தை மிச்சம்.

ஆதாரே இல்லாதவர் என்றால், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்றை ஆவணமாக ஏற்றுக்கொள்வார்கள். "அட்ரஸ் புரூஃப் இல்ல, எடுக்க முடியாது" என்று மையத்தில் சொன்னால் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

தயவுசெய்து உங்கள் சொந்த எண்ணை அவருடைய ஆதாரில் போட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு எளிதாகத் தெரியும். நீங்கள் வேலையை விட்டுப் போன மறுநாள் அவர் மறுபடி முதல் படியில் நிற்பார், நடுவில் அவருடைய பென்ஷன் பணத்தில் ஏதாவது குளறுபடி என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பேசுவதற்கும் ஓடிபிக்கும் மட்டும் போன் போதும் என்பவருக்கு டேட்டா பேக் எதற்கு? டேட்டா இல்லாத, கால் மெசேஜ் மட்டும் உள்ள பேக்குகளை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது, 365 நாள் வரை செல்லுபடியாகும் பேக்கும் தரலாம். கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். நெட்டுக்குக் காப்பகத்து வைஃபை இருக்கிறது.

வைஃபை கனெக்ட் ஆகிறது, எதுவும் திறக்கவில்லை

ஒரு போனில் மட்டுமா, எல்லாருக்குமா? இதுதான் முதல் கிளை.

ஒரு போனில் மட்டும் என்றால் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுசாகச் செத்து எழுந்த பழைய போன்களில் தேதி எங்கோ 2015-க்குப் போய் நிற்கும், "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஒவ்வொரு பக்கமும் பயமுறுத்தும். தேதியைத் தானியங்கியில் போட்டால் முடிந்தது. அதுவும் சரியாக இருந்தால் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' செய்து மறுபடி சேருங்கள்.

"ஐபி முகவரி பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருந்தால், அதுவும் முன்னால் வந்தவர்களுக்குக் கிடைத்து சாயங்காலம் வருபவர்களுக்கு மட்டும் கிடைக்காமல் இருந்தால், ரவுட்டரில் முகவரிகள் தீர்ந்துவிட்டன. ஒரு வீட்டுக்கென்று செய்த பெட்டி அது, வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி கொடுத்து ஒரு நாள் முழுக்க அதை அவருக்கென்றே பிடித்து வைத்திருக்கும். அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில், நோயாளிகளோடு வந்தவர்கள் தங்கும் காப்பகங்களில் ஆட்கள் தினமும் மாறுவதால், நேற்றுப் போனவர்களின் முகவரிகளே இன்றைக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரத் தீர்வுக்கு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரௌசரில் போட்டு, அதே சீட்டில் உள்ள பெயர், பாஸ்வேர்டால் உள்ளே போய், டிஹெச்சிபி (முகவரி பங்கிடும்) பக்கத்தில் 'லீஸ் டைம்', அதாவது ஒரு முகவரியைப் பிடித்து வைக்கும் நேரம், 86400 என்று இருப்பதை 3600 ஆக்குங்கள். இது நொடிக் கணக்கு. தொடக்க, முடிவு எண்கள் குறுகலாக இருந்தால் அகலப்படுத்துங்கள். செலவே இல்லாத வேலை. மாற்றும் முன் பழைய எண்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் கேபிள்காரரைக் கூப்பிட்டு இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பாஸ்வேர்டை ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வைக்காதீர்கள், நிறையப் பேருக்கு அதை அடிக்கவே வராது. எளிதில் ஊகிக்க முடியாத எட்டு இலக்க எண், பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு, இரண்டையும் ஹால் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள்.

ரயில் நிலைய வைஃபையில் லாகின் பக்கம் வரவில்லை என்றால் மொபைல் டேட்டாவை அணையுங்கள், செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருந்தால் அதையும் அணைத்துவிட்டு மறுபடி சேருங்கள். அங்கே ஒரு நாளைக்கு முதல் அரை மணி நேரம் இலவசம், நுழைய ஓடிபி வேண்டும், ஆக இங்கேயும் எண் இருந்தால்தான் கதை நடக்கும்.

ராத்திரி மட்டும் ரொம்ப மெதுவாக இருக்கிறது

எட்டு மணிக்கு மேல் எல்லாரும் யூடியூப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்தவர் ஒரு பாட்டு பார்ப்பதைத் தடுக்க நான் சொல்லமாட்டேன். ப்ளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டையும் வாட்ஸ்அப்பின் தானியங்கி டவுன்லோடையும் ஒவ்வொரு போனிலும் அணைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். அடுத்து, பீரோவுக்குப் பின்னாலோ ஆபீஸ் அறையிலோ இருக்கும் ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். மாசக் கடைசியில் மட்டும் மெதுவாகிறது என்றால் பிளானின் அளவு தீர்ந்திருக்கும், "அன்லிமிடெட்" என்று விற்கும் பிளான்களிலும் மாதம் 3300 ஜிபி மாதிரி ஒரு எல்லை உண்டு. இரண்டாவது ரவுட்டர் வாங்குவதெல்லாம் கடைசிப் படி.

ரவுட்டரில் சிவப்பு விளக்கு, அல்லது விளக்கே இல்லை

விளக்கே இல்லை என்றால் அடாப்டர். வேறு அடாப்டர் போடும்போது வோல்ட் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் (பெரும்பாலும் 12), ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். கரண்ட் போனால் வைஃபையும் போகிறது என்பதற்கு ரவுட்டருக்கென்றே மினி யுபிஎஸ் கிடைக்கிறது.

'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. பில் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், மானியம் தாமதமாகும் மாதங்களில் முதலில் விடுபடுவது இந்த பில்தான், ஆனால் பில் பாக்கி என்றால் வழக்கமாகச் சிவப்பு எரியாது, நெட் மட்டும் நிற்கும். சிவப்பே எரிகிறது என்றால் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் எங்காவது மடிந்திருக்கிறதா, கட்டில் கால் அதன்மேல் நிற்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பை நீவிவிடலாம், அதற்கு மேல் கைவைக்காதீர்கள். முனையைக் கழற்றிச் சட்டையில் துடைப்பதும் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது. கேபிள்காரர் வந்துதான் ஒட்ட வேண்டும். புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள்.

போன் தொலைந்தது, அல்லது யாரோ இவர் பெயரில் சிம் எடுத்திருக்கிறார்கள்

தொலைந்த அன்றே சிம்மை முடக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுத் தளத்தில் போனையே முடக்கலாம், அதற்கு ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வேண்டும். அதனால் காப்பகத்தில் சேரும் நாளிலேயே அவர் சம்மதத்தோடு *#06# அழுத்தி வரும் எண்ணைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

அதே தளத்தில் ஒருவர் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்றும் பார்க்கலாம். இதைக் காப்பகத்தில் எல்லாருக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டீக்காசு, இருநூறு ரூபாய் என்று கொடுத்து ரேகை வாங்கிக்கொண்டு போகும் ஏஜெண்டுகள் நடைபாதைகளில் சுற்றுகிறார்கள், அந்த சிம்மில் மோசடி நடந்தால் போலீஸ் வந்து நிற்பது இவர் முன்னால். தெரியாத எண் பட்டியலில் இருந்தால் "இது என் எண் அல்ல" என்று அங்கேயே குறிக்கலாம். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே, போலீஸிலிருந்து ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்கு. இதை நீங்களாகப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள், வக்கீல் வரும்வரை அவரை எதிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.